நாலாம் ஜோடி

அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை என்று ஒன்று இருப்பதே அங்கே படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. நூலகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பழைய வரைபடங்கள் அடுக்கிய அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் மூன்று அறைகள். ஒன்றில் வகுப்பு நடக்கும். ஒன்றில் மேடம் இருப்பார். மூன்றாவது ஆய்வகம். ஆய்வகம் என்றதும் குடுவை, புகை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஆறு மேஜை, மேஜைக்கு எதிரெதிராக இரண்டு நாற்காலி, மேஜைக்கு ஒரு இழுப்பறை, மொத்தம் ஆறு ஸ்டாப்வாட்ச். அதில் இரண்டு ஓடாது. மனித மனத்தை அளக்க இது போதும் என்று பல்கலைக்கழகம் முடிவு கட்டிவிட்டது.

வகுப்பில் பன்னிரண்டே பேர். வியாழக்கிழமை மதியம் முழுக்க ஆய்வகம். வரிசை எண்படி இரண்டிரண்டு பேரை ஜோடி சேர்த்திருந்தார்கள். ஒருவர் சோதிப்பார், மற்றவர் சோதனைக்கு உட்காருவார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ள வேண்டும். முதல் நாள் சேர்த்த ஜோடிதான் மூன்று வருஷத்துக்கும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாற்ற முடியாது, கல்யாணத்தைவிடக் கெட்டி என்று மேடமே சொல்வார். ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் சேர்ந்தது நாலாம் ஜோடி. அந்த ஏழாம் எண்தான் நம் கதைக்காரி.

அவளுக்கு வகுப்பில் கறார் என்று பெயர். முதல் வருஷம் ஞாபகசக்திச் சோதனை ஒன்று. பட்டியலின் முதலிலும் கடைசியிலும் உள்ள சொற்கள் நினைவில் நிற்கும், நடுவில் உள்ளவை மறக்கும் என்று புத்தகம் சொல்கிறது. பதினொரு பேரின் நோட்டிலும் அச்சு அசலாக அப்படியே வந்திருந்தது. வராமல் என்ன செய்யும், வரவழைத்துவிட்டார்களே. இவள் நோட்டில் மட்டும் நடுவில் இருந்த சொற்கள்தான் அதிகம் நினைவில் நின்றன. "புக்ல இருக்கிற மாதிரி மாத்திடுடி, யாரு பார்க்கப் போறா?" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். "அவன் சொன்னதைத்தானே நான் எழுத முடியும்?" என்று இவள் மல்லுக்கு நின்றாள். மதிப்பெண் போனதுதான் மிச்சம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த "அவன்" எட்டாம் எண். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்ததால் நெட்டை. வாயைக் கிளறினாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராத ஆள். அவன் வேண்டுமென்றே நடுவிலிருந்து சொல்லவில்லை, அவனுக்கு எதுவும் நடுவிலிருந்துதான் நினைவுக்கு வரும். இது அவளுக்குப் பிறகு தெரிந்தது.

இன்னும் என்னென்னவோ தெரிந்தது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அவனுக்கு ஏழு எண் வரை வரும், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் ஐந்துதான். கோட்டின் நீளத்தைக் கணிக்கச் சொன்னால் எப்போதும் நாலு மில்லிமீட்டர் குறைத்தே சொல்வான். முகப் படங்களைக் காட்டினால் பயத்தை ஆச்சரியம் என்பான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற சோதனையில், பென்சில் எதிர்ப்பக்கம் ஓடியதும் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு சோதனைக் குறிப்பில் சேராது. அதனால் அவள் அதை எங்கும் எழுதவில்லை, ஆனால் மறக்கவுமில்லை. ஒருவனுடைய உள்ளங்கை எத்தனை நிமிஷத்தில் வியர்க்கும் என்று தெரியும், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. கூத்துதான், வேறென்ன?

ஆய்வகத்துக்கு வெளியே அவர்கள் பேசியது ஒரு பக்கத்துக்குத் தேறாது. ஆனால் அந்த இழுப்பறை இருந்ததே. ஜோடிக்கு ஒன்று, பூட்டு உண்டு, சாவி கரும்பலகை ஓரத்து ஆணியில் தொங்கும். அதில் இவள் மறந்து வைத்த பென்சில்கள் மறுவாரம் சீவி வைத்திருக்கும். கிராஃப் தாள் தீர்ந்துபோனால் யாரும் சொல்லாமலே புதுக் கட்டு வந்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் மழையில் ஒற்றைக் குடையில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். அவன் உயரத்துக்குக் குடையைப் பிடித்ததில் இவள் பாதி நனைந்தாள், இவள் பக்கம் சாய்த்ததில் அவன் இடது தோள் முழுக்க நனைந்தது. "வர்ற வியாழன் நான்தானே உட்காரணும்?" என்றான். "ஆமா," என்றாள். பேருந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நாளாக இருந்தது. மற்ற ஆறையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு தேய்த்துக் கொடுப்பவர். நல்ல மனுஷர், ஆனால் அவரிடம் ஒரே ஒரு நகைச்சுவைதான் கைவசம் இருந்தது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், "சைக்காலஜி, நான் இப்ப என்ன நினைக்கிறேன் சொல்லு பார்ப்போம்," என்பார். மூன்று வருஷம், ஒரு நாள் தப்பாமல். "இன்னும் கொஞ்சம் குழம்பு வேணும்னு நினைக்கிறீங்க அத்தான்," என்பாள். "பார்த்தியா, படிப்பு வீண் போகல," என்று அவர் அக்காவைப் பார்த்துச் சொல்வார். அக்கா சிரிக்க மாட்டாள். அவள் கண் தங்கையின் தட்டில் மிச்சம் கிடந்த சோற்றின் மேல் இருக்கும்.

கடைசிப் பருவம் தொடங்கிய வாரம்தான் அந்தச் செய்தி வந்தது. அதையும் அவன் சொல்லவில்லை. துறைக்கு அவன் கொடுத்த விண்ணப்பத்தை மேடம் வகுப்பில் வாசித்தார். நெட்டையின் அண்ணன் கடல் கடந்து ஒரு துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிறான், தம்பிக்கும் அங்கேயே ஒரு இடம் பிடித்துவிட்டான். மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் விடுமுறை கிடையாது. எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு கிளம்ப வேண்டும், ஆகவே வைவா என்கிற வாய்மொழித் தேர்வை மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் படிச்சதை மறந்துடாதே," என்றார். அவன் தலையாட்டினான். கறாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர் நாற்காலியில் இருப்பவனிடம், "போறியா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவன் "ஆமா" என்பான், அதற்குப் பிறகு கேட்க அவளிடம் ஒன்றும் இருக்காது.

அவள் மனதில் இருந்த கேள்வி வேறு. போகிறவன் என்னை நினைத்துக்கொண்டு போகிறானா, வெறுமனே போகிறானா? இது ஒன்று தெரிந்துவிட்டால் போதும், மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஊரில் மற்றப் பெண்களாயிருந்தால் தோழியைத் தூது விடுவார்கள், கடிதம் எழுதுவார்கள், முகத்துக்கு நேரே கேட்டாலும் கேட்பார்கள். இவள் உளவியல் மாணவி ஆயிற்றே. சோதனை வைத்துவிடலாம் என்று தீர்மானித்தாள்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சோதனையை வகுத்து, தன் ஜோடியை உட்கார வைத்து நடத்த வேண்டும். அவள் சொல் தொடர்புச் சோதனையை எடுத்துக்கொண்டாள். சங்கதி எளிது. ஒரு சொல்லைச் சொல்வார்கள், கேட்டவுடன் மனதில் தோன்றும் முதல் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார்கள். சாதாரணச் சொல்லுக்குச் சட்டென்று பதில் வரும். மனதில் எங்கேயாவது போய்த் தைக்கிற சொல்லாக இருந்தால் ஆள் தயங்குவான், திணறுவான். பிறகு இரண்டாம் சுற்றில் அதே சொற்களைச் சொல்லி, முன்பு என்ன பதில் சொன்னாய் என்று கேட்பார்கள். தைத்த சொல்லுக்குச் சொன்ன பதில் மறந்துபோயிருக்கும். புத்தகம் இப்படித்தான் சொல்கிறது, அவள் புத்தகத்தை நம்பினாள்.

ஐம்பது சொற்கள். நாற்பது கையேட்டிலிருந்து: மரம், வாசல், உப்பு, கோபம், நாய் என்று எல்லா மாணவருக்கும் தலைகீழாகத் தெரிந்த பட்டியல். பத்து அவளுடையவை. கண்ணாடி, குடை, பென்சில், இழுப்பறை, வியாழன், ஏழு, நிறுத்தம், தோள், ரயில், காத்திரு. நாற்பதுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவினாள். இந்தப் பத்து எதற்கு என்ற கட்டத்தில், "மாணவர் வாழ்க்கை சார்ந்த பொதுச் சொற்கள்" என்று எழுதினாள். மூன்று வருஷத்தில் நோட்டில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான்.

மேடம் பட்டியலைப் படித்துப் பார்த்தாரோ இல்லையோ, ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். ஆய்வக உதவியாளர் திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாப் பட்டியலையும் அந்தந்த ஜோடியின் இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனார். போடக் கூடாது. சோதனைக்கு உட்காருகிறவன் கண்ணில் பட்டியல் படவே கூடாது என்பது முதல் பாடம். புதன்கிழமை இவள் திறந்தபோது தாள் மேலாகவே கிடந்தது. வேறு யாராவது என்றால் கறார் குதி குதியென்று குதித்திருப்பாள். நெட்டையாவது, எடுத்துப் பார்ப்பதாவது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். அவள் ஓடுகிற ஸ்டாப்வாட்சாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள்.

"ரெடியா?"

"ம்."

"மரம்."

"இலை." ஒன்று புள்ளி எட்டு நொடி.

"உப்பு."

"கடல்." இரண்டு புள்ளி நாலு.

அடுத்தது குடை. குரல் மாறாமல் சொல்ல வேண்டும், மாறினால் சோதனை கெட்டது.

"குடை."

"மழை." ஒன்று புள்ளி ஒன்று.

இப்படியே போயிற்று. ஏழு என்றாள், எட்டு என்றான். பென்சில் என்றாள், ரப்பர் என்றான். வியாழனுக்கு வெள்ளி. ரயிலுக்குத் தண்டவாளம். காத்திரு என்றபோது அவன் முகத்தையே பார்த்தாள். "பேருந்து," என்றான், ஒன்று புள்ளி ஒன்று. அவள் சொற்கள் பத்துக்கும் தலா ஒரு நொடியும் கொசுறும்தான் ஆனது. கையேட்டுச் சொல்லான வாசலுக்குப் போய் நாலரை நொடி யோசித்து, "செருப்பு," என்றான். இரண்டாம் சுற்றில் நாற்பதில் பதினொன்றை மறந்தான். அவள் பத்தில் ஒன்றைக்கூட மறக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது."

அன்று அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வரைபட அறைக்குப் பின்னால் இருந்த மாடிப்படியில் உட்கார்ந்து எண்களைக் கூட்டினாள், கழித்தாள், மறுபடி கூட்டினாள். எப்படிக் கூட்டினாலும் அவளுடைய பத்துச் சொற்களில் அவன் மனதை ஒன்றுகூடத் தொடவில்லை. உப்புக்குத் தயங்கினவன் அவளுக்குத் தயங்கவில்லை. முடிவுரைப் பக்கத்தில், "தேர்ந்தெடுத்த சொற்களுக்கு உணர்ச்சித் தடங்கல் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கறார் அல்லவா, வந்ததைத்தான் எழுதுவாள். எழுதி முடித்தபின் நோட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். இழுப்பறைப் பக்கம் போகவில்லை. அவன் எதிரில் வந்தால் புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்துத் தேர்வுகள் நடந்த மூன்று வாரமும் அவனுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து எழுதினாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் மனசு சொன்ன பேச்சைக் கேட்கிறதா? அவன் நாற்காலியை இழுக்கும் சத்தம் பத்து நாற்காலிச் சத்தத்தில் தனியாகக் கேட்டது. எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு அவன் வெளியே போகும்போதெல்லாம் இவளுக்கு எழுதிக்கொண்டிருந்த வரி நின்றுபோகும். இனிமேல் இப்படி ஒருத்தன் போவதைப் பார்க்கவும் முடியாது என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அவன் மாடிப்படி முடிவில் நின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பேனா மை தெளித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றியா?" என்றான். மூன்று வருஷத்தில் அவனாக அவளிடம் தனக்கென்று கேட்ட முதல் விஷயம்.

போயிருக்க வேண்டும். கால் போகத்தான் பார்த்தது. ஆனால் ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று என்று மண்டைக்குள் அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"எனக்கு வேலை இருக்கு," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான்.

வாய்மொழித் தேர்வை அவன் அந்த வாரமே தனியாக முடித்துக்கொண்டான். இவள் முறை அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அன்று காலை ரயிலில் அவன் கிளம்பிவிட்டான் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். துறைமுக நகரத்துக்கு ஒன்றரை நாள் பயணம், அங்கிருந்து கப்பலோ விமானமோ. இவள் கேட்டும் கேட்காதது போல் இருந்தாள்.

மேடத்துக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்து மூக்கு நுனி சிவந்துகிடந்தது. எரிச்சலோடு நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஐம்பது சொல் அட்டவணையில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்னம்மா இது?"

"சொல் தொடர்புச் சோதனை மேடம்."

"அது எனக்குத் தெரியாதா? இந்தப் பட்டியலை அவன்கிட்ட முன்னாடியே காட்டினியா?"

"இல்லையே மேடம்."

"பொய் சொல்லாதே. உன்னைப் போய் எல்லாரும் கறார் கறார்ங்கறாங்க. நான் இருபத்திரெண்டு வருஷமா ரெக்கார்டு திருத்தறேன், யார் காதுல பூ சுத்தற?"

"சத்தியமா இல்லை மேடம். வந்ததைத்தான் எழுதியிருக்கேன்."

மேடம் பென்சிலை எடுத்து அவளுடைய பத்துச் சொற்களையும் ஒவ்வொன்றாக வட்டமிட்டார். "இந்த நாற்பதைப் பாரு. ஒண்ணு புள்ளி எட்டு, ரெண்டு புள்ளி நாலு, மூணு, வாசலுக்கு நாலரை. முன்னே பின்னே இருக்கு. இது மனுஷன். இந்தப் பத்தைப் பாரு. ஒண்ணு புள்ளி ஒண்ணு, ஒண்ணு புள்ளி ரெண்டு, ஒண்ணு புள்ளி ஒண்ணு. இது மனுஷன் இல்லை, மனப்பாடம். ரெண்டாவது சுத்துல நாற்பதுல பதினொண்ணு மறந்திருக்கான், பத்துல ஒண்ணுகூட மறக்கல. இந்தப் பத்தை மட்டும் வீட்ல உட்கார்ந்து உரு போட்டுட்டு வந்திருக்கான். தடங்கல் இல்லைன்னு அடிக்கோடு வேற போட்டிருக்க. நீ தேடினதையே தேடிட்டு இருந்திருக்க, இருந்ததைப் பார்க்கல."

அவள் அந்தப் பென்சில் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது சொல்லும் புத்தகத்தில் இருப்பது, எல்லாருக்கும் தெரிந்தது, அதை உரு போட்டிருந்தாலாவது அர்த்தம் உண்டு, அதை விட்டுவிட்டு இதை ஏன் ஒருத்தன் உரு போட வேண்டும், ஒன்றும் புரியவில்லை என்றார்.

"எனக்குப் புரியுது மேடம்," என்றாள் அவள்.

"என்ன புரியுது?"

"பட்டியல் திங்கட்கிழமையிலிருந்து எங்க டிராயர்ல இருந்துச்சு. நான் காட்டல. அவனா பார்த்திருக்கான்."

"அப்ப சோதனை செல்லாது. பத்து மார்க் போச்சு," என்று மேடம் சிவப்பு மையால் கோடு இழுத்தார். மார்க்காவது மண்ணாவது. அவள் நன்றி சொல்லிவிட்டு, நோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

வரைபட அறைக்குப் பின்னால் அதே படியில் உட்கார்ந்து அவனைப் போனில் கூப்பிட்டாள். அந்த எண்ணுக்கு இதுவரை அவள் அனுப்பியதெல்லாம் "கிராஃப் தாள் இருக்கா", "ரெக்கார்டு நாளைக்குள்ள குடுக்கணும்" மாதிரிச் செய்திகள்தான். ஐந்தாவது முறை மணி அடித்தபோது எடுத்தான். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம்.

"சொல்லு."

"வைவா முடிஞ்சுது. நீ பத்து வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தியாம். மேடம் மார்க்கைக் குறைச்சுட்டாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பண்ணினியா?"

"பண்ணினேன். மார்க் போகும்னு யோசிக்கல. மன்னிச்சுக்கோ."

"மார்க் கிடக்கட்டும். எதுக்குப் பண்ணின?"

ரயில் ஏதோ பாலத்தில் ஏறி இறங்கியது.

"சொல்லு. இப்ப என் கையில ஸ்டாப்வாட்ச் இல்ல," என்றாள்.

"திங்கட்கிழமை சாயங்காலம் கிராஃப் தாள் வைக்கத் திறந்தேன். மேலேயே இருந்துச்சு. நாற்பது வார்த்தை தெரிஞ்சதுதான். மீதிப் பத்தைப் படிச்சதும் நீ எதுக்கு எழுதியிருக்கன்னு புரிஞ்சுடுச்சு."

"பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

"பிடிக்கலைன்னா நான் எதுக்கு உரு போடறேன்? சும்மா வந்து உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருப்பேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு நாள் உட்கார்ந்து படிச்சேன்," என்றான் அவன். இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. "குடை மழை, குடை மழைன்னு. நான் தயங்கினா நீ கண்டுபிடிச்சிடுவ. கண்டுபிடிச்சிட்டா நீ காத்திருப்ப. எங்க அண்ணன் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் போனான். இப்போ ஆறாவது வருஷம். அண்ணி தினமும் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல உட்கார்ந்து போனைப் பார்த்துட்டு இருப்பாங்க. நான் வீட்டுக்குள்ள போகணும்னா அவங்களைத் தாண்டித்தான் போகணும். உன்னை ஒரு வாசல்ல அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரல."

"அப்புறம் எதுக்குக் கடைசி நாள் பஸ் ஸ்டாப்புக்குக் கூப்பிட்ட?"

"அன்னைக்கு முடியல. அவ்வளவுதான்."

"எனக்கு அன்னைக்கு ஒரு வேலையும் இல்லை," என்றாள். சொன்னதும் குரல் உடைந்துவிட்டது. "நான் காத்திருக்கணுமா வேண்டாமான்னு நீயே எப்படி முடிவு பண்ணலாம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ மட்டும் என்கிட்ட கேட்டியா?" என்றான். கோபமில்லை, நிஜமாகவே கேட்டான். "மூணு வருஷம் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்."

கீழே நூலகத்தில் யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சரி, இப்ப கேட்கறேன்," என்றாள். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. முதல் வருஷத்துலேர்ந்து. உனக்கு?"

அவன் உடனே சொல்லவில்லை. மூச்சு விடுவது கேட்டது. அந்த இடைவெளியை அவள் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

"பிடிச்சிருக்கு," என்றான். "ரொம்ப. இறங்கி வந்துடலாமான்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும்…"

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அவள் திருப்பிக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மலைப் பகுதிக்குள் போய்விட்டதோ என்னவோ, அழைப்பு போகவே இல்லை. அவன் இறங்கி வர மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் சம்பளத்தை நம்பி ஒரு வீடு இருக்கிறது, அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலை இருக்கிறது. இறங்கி வா என்று அவளாலும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அந்த ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று நினைத்து நினைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உதவியாளர் வந்து, "பூட்டப் போறேன்மா, கிளம்பு," என்றபோதுதான் எழுந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அக்கா அப்போதுதான் கடையிலிருந்து வந்து, வேலைக்குப் போடும் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் இன்னும் வரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் கை நின்றது.

"என்னடி, வைவா சரியா பண்ணலையா?"

"பண்ணல."

"போனாப் போகுது. அதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

அவள் துணிக்குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள், மடிக்கத் தெரியாதவள் போல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு."

அக்கா மடித்த துணியை நகர்த்திவிட்டு அருகில் வந்தாள். "நானும்தான் ஒரு வருஷமா பார்த்துட்டிருக்கேன், சோறு இறங்கமாட்டேங்குதேன்னு. யாரு, கூடப் படிக்கிற பையனா?"

"ஆமா. இன்னைக்குக் காலையில ஊரை விட்டுப் போயிட்டான். மூணு வருஷம்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இப்பதான் சொன்னேன். போன்ல."

"அவனுக்குப் பிடிக்கலைங்கறானா?"

"பிடிச்சிருக்குங்கறான்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டிற்று. அக்கா அவள் கன்னத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"பைத்தியமே, பிடிச்சிருக்குன்னுதானே சொல்றான். அப்புறம் எதுக்குடி அழற?"

"பிடிச்சிருக்குன்னு சொல்றானே அக்கா, அதுக்குத்தான்."